இரண்டும் என்றால் ஏதேனும் ஒன்றா?

பசி என்று சொல்வோம். பிணி என்று சொல்வோம். கடன் என்றுகூடக் கூசாமல் சொல்வோம். காதல் என்றதும் குரல் தாழ்கிறது. ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் அரும்பும் காதல் என்றதும் குரலே அடைத்துப் போகிறது. அடைத்த குரலை அரும்பாடுபட்டுத் திறந்து, இரண்டு சொற்களை இன்று இளைஞர் சிலர் உரைக்கின்றனர். ஒன்று, இருபாலீர்ப்பு. மற்றொன்று, அனைத்துப்பாலீர்ப்பு. ஆங்கிலம் பயின்றோர் பைசெக்சுவல் என்றும் பான்செக்சுவல் என்றும் குறிப்பது இவற்றைத்தான்.

உரைத்ததும் என்ன நடக்கிறது? ஒரு புறத்தில் கேலி கிளம்புகிறது. "இரண்டும் ஒன்றுதானே! இன்னும் எத்தனை பெயர் வைத்திருக்கிறீர்கள் மூட்டையில்?" மறுபுறத்தில் சீற்றம் பொங்குகிறது. "மேனாட்டு மோகம்! நம் மண்ணில் இது உண்டா?" மூன்றாவது புறத்திலிருந்து வருவது கேலியுமன்று, சீற்றமுமன்று, கனிவு! "உனக்கு இரண்டும் ஆகும் என்றுதானே கூறுகிறாய்? அப்படியானால் நாங்கள் பார்த்திருக்கும் இடத்திலேயே கழுத்தை நீட்டலாமே, கண்ணே!"

கேலியைத் தாங்கலாம். சீற்றத்தை எதிர்க்கலாம். இந்தக் கனிவு இருக்கிறதே, இதுதான் கழுத்தை நெரிக்கிறது. மாலையும் மேளமுமாக, மொய்யும் விருந்துமாக வந்து நெரிக்கிறது. இந்தக் கனிவுக்குக் கருவியாக வாய்த்திருப்பதோ, இரண்டு சொற்களையும் அரைகுறையாக அறிந்துகொண்ட மடமை. எனவேதான் சொல்லின் பொருளை ஆராய்வது நமக்குப் பொழுதுபோக்கு வேலையாகப் படவில்லை. மதுரை மூதூரில் புலவருக்குப் பலகை தானாக நீண்டு இடம் தந்தது என்ற கதையை நாம் நம்புவதில்லை. சொல்லுக்கு இடம் தரவேண்டியவர்கள் மனிதர்களே என்பதை மட்டும் நம்புகிறோம்.

முதலில் பொருளைத் தெளிவோம். பாலினம் என்பது ஒருவர் தம்மை ஆண் என்றோ, பெண் என்றோ, இவ்விரண்டுக்குள் அடங்காதவர் என்றோ உணர்வது. ஈர்ப்பு என்பது அவர் நெஞ்சம் எவரை நோக்கிச் செல்கிறது என்பது. முன்னது, "நான் யார்?" என்ற கேள்விக்கு விடை, பின்னது, "நான் யாரை நாடுகிறேன்?" என்ற கேள்விக்கு விடை. திருநங்கை ஒருவர் ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், எவரையுமே விரும்பாமலும் இருக்கலாம். இரு கேள்விகளையும் ஒன்றாக்கிக் குழப்புவோர், ஊரைக் கேட்டால் பேரைச் சொல்வோர்!

இருபாலீர்ப்பு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தார்மீது ஈர்ப்பு எழக்கூடிய இயல்பு. ஒரே காலத்தில் எழவேண்டும் என்பதில்லை. ஒரே அளவில் எழவேண்டும் என்பதில்லை. ஒரே விதமாக எழவேண்டும் என்பதுமில்லை. அமெரிக்காவில் பல்லாண்டுகளாக இத்துறையில் பணியாற்றிவரும் ராபின் ஓக்ஸ் என்பார் இந்த விளக்கத்தைத்தான் ஊர் ஊராகச் சென்று பரப்பினார். ஆணிடம் ஒரு வகையாகவும் பெண்ணிடம் வேறொரு வகையாகவும் தம் நெஞ்சம் நெகிழ்வதை உணர்பவர், அந்த வேறுபாட்டை அறிந்தே இச்சொல்லைத் தமக்குரியதாகக் கொள்கிறார்.

அனைத்துப்பாலீர்ப்பு என்பது, ஈர்ப்பு எழுவதற்குப் பாலினம் ஒரு நிபந்தனையாக அமையாத இயல்பு. எதிரில் இருப்பவர் ஆணா, பெண்ணா, திருநரா என்பதைக் காணாத குருட்டுத்தனம் இதிலில்லை. காண்கிறார், கண்டும் அதைக் கணக்கில் கொள்வதில்லை. நெஞ்சம் நாடுவது அந்த மனிதரை. பாலினம், அம்மனிதரைப் பற்றிய செய்திகளுள் ஒன்று, அவ்வளவே.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் செல்வோர்க்கு இது எளிதில் விளங்கும். மல்லிகையையும் விரும்பி, பிச்சியையும் விரும்பி, இதன் மணம் வேறு அதன் மணம் வேறு என்று பிரித்துச் சுவைப்பவர் உண்டு. இன்னொருவர், கூடையிலிருப்பது மல்லிகையா, பிச்சியா, முல்லையா என்று கேட்பதில்லை; மணம் நெஞ்சைத் தொட்டதா என்பது ஒன்றுதான் அவருக்குக் கேள்வி. இருவர் கையிலும் இன்று ஒரே பூ இருக்கலாம். கையிலுள்ள பூவைப் பார்த்து, இவர் எத்தகையவர் என்று கூறிவிட முடியுமா? முடியாது. அவரைத்தான் கேட்கவேண்டும். உவமை இம்மட்டில் நிற்கட்டும். மனிதர் பூவல்லர், சந்தையில் விலை பேசவும் ஆகாதவர்.

வேறுபாடு இவ்வளவுதானா என்பீர்கள். இவ்வளவுதான்! பகைநாட்டு எல்லைபோல் முள்வேலி இட்டுப் பிரித்த வேறுபாடு இல்லை. வைகையாற்று மணலில் ஒரு கால்வாய் மற்றொன்றோடு கலந்தும் பிரிந்தும் செல்வது போன்றது. இரு சொல்லும் தமக்குப் பொருந்தும் என்பாரும் உளர். நேற்று ஒன்றைக் கூறி, வயதும் வாழ்க்கையும் கற்றுத்தந்தபின் இன்று மற்றொன்றைக் கூறுவாரும் உளர். அதனால் சொற்கள் பொய்யாகிவிடுமா? அண்ணனும் தம்பியும் ஒரே சாயல் என்பதற்காக ஒருவனுக்குப் பெயரே வேண்டாம் என்று கூறுவோமா?

சொற்களின் வரலாற்றையும் சிறிது காண்போம். பள்ளியில் தாவரவியல் பயின்றோர் 'இருபால் மலர்' என்று படித்திருப்பர். மகரந்தத் தாளும் சூலகமும் ஒரே மலரில் இருந்தால் அதற்கு அப்பெயர். ஆங்கிலச் சொல்லும் இந்தச் செடிகொடிப் பொருளிலிருந்தே மனிதரிடம் வந்து சேர்ந்தது. கிராஃப்ட் எபிங் என்னும் மருத்துவர் செருமானிய மொழியில் எழுதிய நூலை, சாடாக் என்பவர் 1892இல் ஆங்கிலமாக்கியபோது, ஈர்ப்பைக் குறிக்க அச்சொல்லை ஆண்டார். நோயாளிகளைப் பற்றிய நூலில் நோயின் பெயராக நுழைந்த சொல் அது! மற்றச் சொல்லின் பிறப்போ இன்னும் வேடிக்கை. மனித வாழ்வில் அனைத்தையும் பாலுணர்வைக் கொண்டே விளக்குகிறார் என்று சிக்மண்ட் பிராய்டைத் தாக்கியவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசையாக வீசிய சொல் அது. நோய்ப்பெயரையும் வசைப்பெயரையும் வாங்கி, தூசு தட்டி, தம் மார்பில் தாமே சூடிக்கொண்ட மக்களின் துணிவைப் பாருங்கள்!

1948இல் ஆல்பிரட் கின்சி ஆண்களைப் பற்றியும், 1953இல் பெண்களைப் பற்றியும் வெளியிட்ட ஆய்வுகள், மனித ஈர்ப்பை வெள்ளை, கறுப்பு என இரு பெட்டிக்குள் அடைக்க இயலாது என்று காட்டி, 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலை முன்வைத்தன. அந்த அளவுகோலுக்கும் ஒரு குறையுண்டு. அது ஆண், பெண் என்ற இரு முனைகளை மட்டுமே அறிந்தது. இரு முனைக்கும் அப்பால் மனிதர் உளர் என்ற அறிவு பரவிய பின்னரே, இரண்டாவது சொல்லின் தேவை பலருக்குத் தோன்றியது. தேவை பிறந்தது, சொல் வளர்ந்தது. அறிவு வளருமிடத்தில் அகராதியும் வளரும்.

"நம் மண்ணில் உண்டா?" என்று சீறுவோர்க்கு இனி விடை கூறுவோம். தமிழ் இலக்கணத்தில் பால் எத்தனை? இரண்டு என்பாரா இவர்கள்? ஐந்து! ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். அவற்றுள் பலர்பால், ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'அவர் வந்தார்' என்றால், வந்தவர் ஆணா பெண்ணா என்று மொழி வாயிலில் நின்று சோதனை போடுவதில்லை. மதிப்போடு உள்ளே அழைத்துச் செல்கிறது. ஆண், பெண் என்ற வரையறைக்குள் நில்லாதாரைக் குறிக்கும் பெயர்க்கு எந்த ஈறு வரும் என்றும் தொல்காப்பியம் ஆராய்ந்தது. அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்று கூறிய அந்நூல், அவர்களை வைத்த இடம் உயர்திணை! இலக்கண ஆசிரியன் உயர்திணையில் வைத்தவரை, இன்றைய வீதியில் அஃறிணையாய் ஏசுவோர் மரபு பேசலாமா?

அயல்நாட்டுச் சரக்கு எது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். 1860இல் வெள்ளையர் இயற்றி 1862இல் நடைமுறைக்குக் கொணர்ந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுதான் கப்பலேறி வந்த சரக்கு. 'இயற்கைக்கு மாறானது' என்ற முத்திரையைச் செய்து கொடுத்தது அதுதான். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் பல்லை மீண்டும் கட்டிக்கொடுத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வு, வயதுவந்தோர் மனமொத்து நடத்தும் வாழ்வைக் குற்றமாகக் கருதலாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய தண்டனைச் சட்டமே வழக்கிழந்தது. வெள்ளையன் போய், அவன் வகுத்த பிரிவும் போய், அவன் விட்டுச்சென்ற வெறுப்பை மட்டும் 'நம் பண்பாடு' என்று பூசிக்கும் பேதைமையை என்னென்பது!

இங்கே நம் தோழர் சிலர்க்கும் ஒன்று கூறவேண்டும். எதிரியின் வாயை அடைக்க, உமையொரு பாகனைக் காட்டுகின்றனர். ஆணைப்போல் வளர்க்கப்பட்ட தடாதகையின் கதையைக் காட்டுகின்றனர். வேண்டாம் அந்த வழி! கோபுரச் சிலையைச் சான்றாக்கி உரிமை கேட்போர், நாளை அதே கோபுரத்தைச் சான்றாக்கி உரிமை பறிப்போர்க்கு விடையளிக்க இயலாமல் நிற்பர். புராணத்தில் இருந்தால் உரிமை, இல்லாவிடில் இல்லை என்றாகிவிடும். நம் சான்று சிலையிலில்லை. உயிரோடு நடமாடும் மனிதரிடம் இருக்கிறது. அவர் இருக்கிறார், வதைபடுகிறார், வாழ விரும்புகிறார். இதற்குமேல் எந்த ஏடு வேண்டும்?

அத்தகைய மனிதர் இந்த ஊரிலேயே முகம் காட்டினர். 2011இல் கோபி சங்கர் முயற்சியால் மதுரையில் 'சிருஷ்டி மதுரை' என்ற அமைப்பு தோன்றியது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பாலினங்களுக்கும், பலவகை ஈர்ப்புகளுக்கும் தமிழில் பெயர் தேடுவதையும் அது தன் பணியாகக் கொண்டது. 2012 ஜூலையில், ஆலன் டூரிங் பெயரால் மதுரையில் வானவில் விழா எடுத்தது; பேரணியும் நடந்தது. டெல்லி வழக்கைத் தொடுத்த நாஸ் அறக்கட்டளையின் அஞ்சலி கோபாலன் அதனைத் தொடங்கிவைத்தார். டூரிங் யார்? கணிப்பொறி அறிவியலுக்கு அடித்தளமிட்ட மேதை. இட்லரின் மறைமொழியை உடைத்த அந்த மூளைக்கு, ஆணை விரும்பினான் என்பதற்காக 1952இல் பிரிட்டன் அளித்த பரிசு, வழக்கும் தண்டனையும் ஊசிமருந்தும். 1954இல் மாண்டார். 2013இல் அரசியின் மன்னிப்பு வந்தது, கல்லறைக்கு! அறிவியலின் பெயரால் அறிவாளியை வதைத்த வெட்கக்கேட்டை நினைவூட்டி, மதுரைத் தெருவில் இளைஞர் நடந்தனர்.

இனி, கனிவு முகத்தோடு வரும் கொடுமைக்கு வருவோம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், மேலூரிலோ, உசிலம்பட்டியிலோ, திருமங்கலத்திலோ, வாடிப்பட்டியிலோ, திருமணம் என்பது இருவர் பொருளா? மாமன் உரிமை என்ன ஆவது, அத்தை மகள் என்ன ஆவாள், எழுதி வைத்த மொய் எப்போது திரும்பும், சாதிக்காரர் என்ன நினைப்பர், நிலம் எவர் கைக்குப் போகும் — இத்தனைக் கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின், மிச்சமிருந்தால் மணமக்களின் நெஞ்சைக் கேட்பார்கள். அந்த வீட்டில் ஒரு மகன், "எனக்கு ஆண்மீதும் பெண்மீதும் விருப்பம் எழுவதுண்டு" என்று சொல்கிறான் என்று வையுங்கள். வீடு எதைக் கேட்கிறது? முதற்பாதியை விழுங்கிவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் கேட்கிறது. "பெண்மீதும் உண்டல்லவா? பிறகென்ன தடை? தையிலே முகூர்த்தம்!"

ஆணை மட்டுமே விரும்பும் ஆண், "என்னால் இயலாது" என்றாவது கூறலாம். அதையும் கேளாமல் கட்டிவைக்கும் ஊர்தான் இது. எனினும் ஒரு மறுப்புச் சொல் அவனிடம் உண்டு. இருபாலீர்ப்புடையவனிடம் அந்த மறுப்பும் பறிக்கப்படுகிறது. உனக்கு முடியும், ஆகவே நீ செய்யவேண்டும்! முடியும் என்ற ஒரு சொல்லிலிருந்து வேண்டும் என்ற விலங்கை வார்த்தெடுக்கும் வித்தை இது. நாம் கேட்கிறோம்: அரிசிச்சோறும் உண்பேன், கேழ்வரகுக் களியும் உண்பேன் என்றவனிடம், ஆகவே நான் வைக்கும் எதையும், நான் சொல்லும் நேரத்தில், விழுங்கித்தான் ஆகவேண்டும் என்று கூற எவனுக்கு உரிமை? பெண்ணை விரும்பும் இயல்புடைய ஒருவனுக்கு எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கட்டிவைக்கலாம் என்பது அறிவா? அப்படியானால் காதலித்த பெண்ணை மறுத்து வேறொருத்தியைக் கட்டிவைக்கும் பழைய கொடுமையிலிருந்து இது எவ்வகையில் மாறுபட்டது? இரண்டும் என்றால் இருவகையிலும் காதல் பிறக்கக்கூடும் என்பது பொருள். ஏதேனும் ஒன்றைத் தலையில் கட்டலாம் என்பது பொருளன்று.

அனைத்துப்பாலீர்ப்புடையவர் வாய்திறந்தால் வாதம் இன்னும் கேவலமாகிறது. "உனக்குத்தான் பாலினமே பொருட்டில்லையே! யாராயிருந்தால் என்ன? நாங்கள் காட்டும் ஆளாகவே இருக்கட்டும்!" ஊர்வாயோ ஒருபடி மேலே சென்று, 'அனைத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எவரிடமும் எளிதில் செல்பவர் என்று ஒழுக்கத்தின்மீது சேறு வீசுகிறது. சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! பாலினம் எனக்குப் பொருட்டில்லை என்பவர் எதைப் பொருட்டாகக் கொள்கிறார்? மனிதரை! அந்த ஒருவரின் குணத்தை, சிரிப்பை, சிந்தனையை! மனிதரே முழுவதும் என்று கூறுபவரிடம், மனிதர் எவராயினும் சரிதானே என்பது எத்தகைய தர்க்கம்? ஆண், பெண் என்ற அளவுகோலையே தள்ளிவிட்டு ஒருவரைத் தேடும் நெஞ்சத்திடம், சாதி, சொத்து, சாதகம் என்ற அளவுகோல்களை நீட்டி ஆள் பொறுக்கித் தருவது எத்தகைய அறிவு? 'அனைத்து' என்ற அடைமொழி பாலினத்துக்கு உரியது; ஆட்களுக்கு உரியதன்று. எல்லா ஊர்ச் சாலையிலும் நடக்க அஞ்சாதவன், எல்லார் வீட்டிலும் நுழைபவன் ஆவானா?

சொல்லின் வேறுபாட்டை அறிவதால் பயன் என்ன என்று கேட்டோர்க்கு இதோ பயன். இருபாலீர்ப்பை 'ஏதேனும் ஒன்று' என்று திரிப்பதும், அனைத்துப்பாலீர்ப்பை 'எவரேனும் ஒருவர்' என்று திரிப்பதும் இருவேறு பொய்கள். பொய்கள் இரண்டாயினும், முடியும் இடம் ஒரே மணவறைதான். அந்த மணவறையில் பலியாவது ஒருவர் மட்டுமா? ஏதுமறியாமல் எதிரில் வந்து அமரும் அந்தப் பெண்ணும், அந்த ஆணும் அல்லவா? தன்னை விரும்பாத நெஞ்சத்தோடு காலமெல்லாம் குடும்பம் நடத்த அவர் செய்த குற்றம் என்ன? இரு உயிரை வதைத்து, "சரியாகிவிட்டான் பையன்" என்று ஊருக்கு விருந்து வைப்பதா குலப்பெருமை?

இப்படிப்பட்ட குலப்பெருமைக்கு அஞ்சி, 2021இல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் சென்னைக்கு ஓடினர். ஒருவரையொருவர் விரும்பியதே அவர்கள் செய்தது. பெற்றோர் காணவில்லை என்று புகாரளித்தனர், காவலர் தேடிவந்தனர், பெண்கள் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்புரைக்கும் முன்னர் இப்பொருளைத் தாம் கற்கவேண்டும் என்று கூறி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெளிந்தார். கற்க வெட்கப்படாத நீதிபதியிடம், கற்க மறுக்கும் நம் பேச்சாளர் பலர் பாடம் பெறலாம். 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறந்தது. காவல்துறை தொல்லை கூடாது. 'மாற்றிவிடுகிறேன்' என்று கூறி மருத்துவம் செய்யும் முயற்சி கூடாது என்றது அது. அதன் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகளில், இம்மக்களைத் துன்புறுத்தலாகாது என்ற புது விதி சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், அத்தகைய 'மாற்று மருத்துவம்' தொழில்நெறிக்கு மாறான குற்றம் என்று அறிவித்தது.

இன்னொன்றும் நடந்தது. நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில், இம்மக்களைக் குறிக்கும் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட் 20 அன்று அரசிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. நீதிமன்றம் ஏன் சொற்பட்டியல் கேட்கவேண்டும்? நல்ல சொல் இல்லாத இடத்தில் வசைச்சொல் குடியேறிவிடும் என்பதால்! செய்தித்தாளில் எழுதுவோரும், காவல்நிலையத்தில் எழுதுவோரும் வசையை விட்டு மதிப்புக்கு மாறவேண்டும் என்பதால்! அரசிதழில் ஏறிய சொல் நாவில் ஏறவில்லையெனில் பயனென்ன? படிப்பகம்தோறும் அந்தப் பட்டியலை வாங்கிப் படிக்கும் இளைஞர் வட்டம் எத்தனை இருக்கிறது?

கேலி செய்வோர்க்கும் சீறுவோர்க்கும் கனிவோர்க்கும் விடை கூறிவிட்டோம். நான்காவதாக ஒரு கூட்டமுண்டு. அது நம் பக்கத்திலேயே நிற்கிறது. "இருபால் என்றாலே ஆண், பெண் இருவரை மட்டும் ஏற்று, திருநரை ஒதுக்கும் பழைய சொல், அனைத்துப்பால் என்பதே முற்போக்கு" என்று அது உரைக்கிறது. மெய்யா? 1990ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்து இருபாலீர்ப்பினர், உலகில் பாலினம் இரண்டே என்று நாங்கள் கூறுவதாக எண்ணாதீர் என்று அறிக்கை விடுத்தனர். தம்மை இருபாலீர்ப்பினர் என்று கூறிக்கொள்ளும் திருநரும் உளர். அவர்கள் தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்டவரா? 'இருபாலர் பள்ளி' என்ற பலகையைப் பார்த்துப் பழகிய கண், இரண்டு என்று எண்ணிவிடுகிறது, எண்ணட்டும். பெயரின் எழுத்தை எண்ணிப் பார்த்து, அப்பெயரைச் சூடியவரின் உள்ளத்தை அளக்கலாகாது. எதிர்க்கூட்டமும் உண்டு. "பழைய சொல்லே போதும், புதுச்சொல் எங்கள் அணியைப் பிளக்கிறது" என்று அது உறுமுகிறது. இரு கூட்டமும் கட்டுவது ஒரே ஏணியை. மேற்படியில் ஒருவர், கீழ்ப்படியில் ஒருவர்! படிக்கட்டுச் சமுதாயத்தின் கொடுமையைப் பல தலைமுறை பட்டறிந்த நாட்டில், விடுதலைக்கென வந்த சொற்களைக்கொண்டே புதுப் படிக்கட்டு சமைப்பதா? தன்பாலீர்ப்பினருள் சிலர், இருபாலீர்ப்பினரைப் 'பாதிக்கிணறு' என்று நம்ப மறுப்பதும் இந்த நோயின் மற்றொரு முகமே.

தீர்ப்பு யாரிடம்? 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம், தம் பாலினம் இன்னது என்று கூறும் உரிமை அவரவர்க்கே உண்டு என்று கூறியது. பாலினத்துக்குப் பொருந்தும் இந்நெறி ஈர்ப்புக்குப் பொருந்தாமல் போகுமா? 2019 ஏப்ரல் 22 அன்று மதுரை அமர்வில் ஒரு வழக்கு. தூத்துக்குடிக் கோவிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தனர். பதிவாளர் பதிய மறுத்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சட்டம் கூறும் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். நம் ஊரார் இருந்திருந்தால் மணமகனைப் பார்த்து, நீ எந்த ஈர்ப்புக்காரன் என்று குடைந்திருப்பர். நீதிமன்றத்துக்கு அக்கேள்வி தேவைப்படவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவர் உரிமை. பெயர் என்பது அவரவர் தமக்குச் சூடிக்கொள்ளும் மாலை. பிறர் நெற்றியில் இழுக்கும் சூடாக அது மாறலாகாது.

சட்டம் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்கு ஏற்பளிக்க மறுத்தது. திருநர் ஒருவர், ஆண் பெண் என்ற முறையில் அமையும் மணத்தை இப்போதுள்ள சட்டப்படியே செய்துகொள்ளலாம் என்றது. விளைவைப் பாருங்கள். இருபாலீர்ப்புடைய ஒரு பெண், ஆணைக் காதலித்தால் பதிவாளர் நாற்காலி போட்டு அமர்த்துவார். பெண்ணைக் காதலித்தால் அதே பதிவாளர் கதவைச் சாத்துவார். அதே பெண், அதே நெஞ்சம், அதே அன்பு! ஒரு காதலுக்கு முத்திரை, மறு காதலுக்கு மூடிய கதவு. ஆகவேதான் ஊரார் திறந்திருக்கும் கதவின் பக்கமாக அவளைத் தள்ளுகின்றனர்.

கதவு என்றும் மூடியே இருக்குமா? 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றித் திருமணம் நடந்தபோது சட்டம் ஏற்றதா? 1953இல்கூடச் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய மணம் செல்லாது என்றே கூறியது. நடத்தியவர் அஞ்சவில்லை, நடத்திக்கொண்டே இருந்தனர். 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம், அவர்கள் பின்னால் ஓடிவந்து சேர்ந்தது. வாழ்வு முன்னே நடக்கும். சட்டம் பின்னே வரும். இப்போதும் அதன் காலடி கேட்கிறது. 2023 நவம்பரில் அதே மதுரைப் பெண்களின் வழக்கில், இணைந்து வாழ்வோர் குடும்ப உறவு ஆவணம் ஒன்றைப் பதிவுசெய்ய வழிகாணுமாறு ஆனந்த் வெங்கடேஷ் அரசைக் கேட்டார். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

பகுத்தறிவு இளைஞர்காள்! உங்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. உங்கள் நண்பனோ தங்கையோ இவ்விரு சொற்களில் ஒன்றைக் கூறினால், எது சரியான சொல் என்று தேர்வு வைக்காதீர்கள். அவர் கூறிய சொல்லை அவர் கூறிய பொருளில் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் வீடு கிளம்பும்போது, "அவரைக் கேட்டீர்களா?" என்று திண்ணையில் நின்று முதற்குரல் கொடுங்கள். மந்திரிக்கவும் மருந்து கொடுக்கவும் அழைத்துச் செல்வோரிடம், அது தொழில்நெறிக் குற்றம் என்று எடுத்துரையுங்கள். காவலர் வந்தால் விதியைக் காட்டுங்கள். ஆலமரத்தடிப் பேச்சில் கேலி எழுந்தால் சிரிக்காமல் இருங்கள்; சிரிப்பு கிடைக்காத கேலி ஒரு வாரத்தில் செத்துவிடும்.

இருபாலீர்ப்பு என்றால் இரு திசையிலும் காதல் பிறக்கக்கூடும். அனைத்துப்பாலீர்ப்பு என்றால் திசை கேளாமலே காதல் பிறக்கக்கூடும். இரண்டிலும் காதல் பிறக்கவேண்டும், பெற்றோர் கையால் வார்த்து ஊற்றப்படக்கூடாது! 'எனக்கு ஆகும்' என்பது ஒரு நெஞ்சம் தன்னைப் பற்றித் தானே எழுதிய வரி. அதை 'உனக்கு ஆகத்தான் வேண்டும்' என்று திருத்தி எழுதும் பேனா, தந்தையின் கையிலிருந்தாலும், சாதித் தலைவனின் கையிலிருந்தாலும், சட்டத்தின் கையிலிருந்தாலும், அதைப் பிடுங்கி எறிவோம்!